சர்வரின் நெற்றியில் உன் பொட்டு

பழைய சாமான் அறையை ஒழிக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. பிளாஸ்டிக் உறையை இழுத்ததும், பழுப்பேறிப்போன நம்முடைய சர்வர் பெட்டி என் முன்னால் நின்றது. சுவிட்சுக்கு மேலே நீ ஒட்டிய மெரூன் பொட்டு அப்படியே இருக்கிறது. நீ செத்துப்போய் இத்தனை வருடமாகியும் பசை விடவில்லை. எனக்கு முதலில் அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து பார்த்துக்கொண்ட பெட்டிக்கு நீ மட்டும் பொட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

ஹட்டன் அலுவலகத்தில் நாம் ஒன்றாகத்தான் வேலைக்குச் சேர்ந்தோம். தேயிலைத் தோட்டங்களுக்கு வரும் மின்னஞ்சல்கள் எல்லாம் அந்தப் பெட்டியில் வந்து சேரும். தோட்ட ஆபீசிலிருந்து டெலிபோன் வழியாக இணைந்து எடுத்துக்கொள்வார்கள். எடுத்ததும் இங்கே அழிந்துவிடும். அதற்கான பாப் என்கிற அஞ்சல் சேவையை லினக்ஸில் ஓடவைப்பதுதான் நமக்குக் கொடுத்த முதல் வேலை. நான் கையேட்டை முழுக்கப் படித்தேன், கடவுச்சொற்களைச் சரிபார்த்தேன், கோப்புகளின் அனுமதிகளை மாற்றிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நீ தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாய்.

"இந்த வரி தலையில ஹேஷ் குறி இருக்கேடி. அது இருந்தா இந்த வரிய சர்வர் படிக்கவே படிக்காதுடி."

அதை அழித்து, சேவையை மறுபடி எழுப்பினாய். சர்வர் பதில் சொன்னது. அப்போதுதான் உன் நெற்றியிலிருந்து பொட்டை எடுத்து அதில் ஒட்டினாய். மேனேஜர் வந்து உனக்குக் கை கொடுத்தார். கையேட்டைப் படித்தது நான்.

தோட்டங்கள் உதவி கேட்டு எழுதுவதற்கு நம் இருவருக்கும் ஒரே அஞ்சல் பெட்டி. நீ ஹட்டன் டவுனிலேயே அறை எடுத்திருந்தாய். நான் அக்கரப்பத்தனையிலிருந்து பஸ்ஸில் வந்து, நனைந்த குடையை மடக்குவதற்குள் எல்லாக் கடிதமும் உன் கணினிக்குப் போயிருக்கும். இல்லையென்றால் நீ அப்போதுதான் எடுத்துக்கொண்டிருப்பாய். ஒரு சமயத்தில் ஒருவருக்குத்தான் அது திறக்கும் என்பதால், வேறொருவர் உள்ளே இருக்கிறார் என்று சர்வர் என்னைத் திருப்பி அனுப்பும். டெலிபோனை நான் எடுத்தாலும் அதே கதைதான். "அந்த மிஸ் இல்லீங்களா? அப்ப பெறகு எடுக்கிறேங்க." உன்னைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று அன்றைக்கு நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். ஒரு தோட்டமாவது என்னைக் கேட்டுக் கூப்பிடாதா என்று ஏங்கினேன்.

ஒரு மழைக்காலத்தில், எடுத்த கடிதங்களே திரும்பத் திரும்ப வருகின்றன என்று புகார் கிளம்பியது. லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்தில், உரம் ஏற்றச் சொன்ன கடிதத்தை மறுபடி பார்த்துவிட்டு லொறியை மறுபடியும் ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டார்கள். வெறும் லொறி திரும்பிப் போனது. பதிவுக் கோப்புகளைத் துழாவிக் காரணத்தைக் கண்டுபிடித்தது நான்தான். டெலிபோன் பில் ஏறுமென்று, கடிதம் திரைக்கு வந்ததுமே தோட்ட ஆபீஸ் கிளாக்கர்மார் வயரைப் பிடுங்கிவிடுகிறார்கள். முடிந்தது என்று சொல்லாமல் இணைப்பு அறுந்தால் சர்வர் எதையும் அழிக்காது. அடுத்த முறை எல்லாவற்றையும் மறுபடி கொடுக்கும். நான் இதை விளக்கி நீளமாகச் சுற்றறிக்கை அனுப்பினேன். யாரும் படிக்கவில்லை. நீ டெலிபோனை எடுத்துப் பேசினாய்.

"ஒரு வீட்டுக்குப் போனா, போயிட்டு வர்றேன்னு சொல்லாம கெளம்புவீங்களா ஐயா? அந்த சர்வர்கிட்டயும் சொல்லிட்டுக் கெளம்புங்க. அது சரின்னப்புறம் வயர கழட்டுங்க."

புகார் நின்றுபோனது. "சொல்லிட்டுத்தாங்க மிஸ் வந்தேன்" என்று கிளாக்கர்மார் உன்னிடம் சிரித்தார்கள். கண்டுபிடித்தவள் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அந்தக் காலை. நான் படியேறி வரும்போது நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேசையில் சாய்ந்திருந்தாய். கடிதங்கள் பாதி வந்துகொண்டிருந்தன. உன்னை வேனில் ஏற்றும் அவசரத்தில் யாரோ உன் கணினியைச் சுவர்ச் சுவிட்சிலேயே அணைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நீ திரும்பவில்லை.

உன்னை அடக்கம் செய்த பிறகு வேலைக்கு வந்து அஞ்சல் பெட்டியைத் திறந்தேன். வேறொருவர் உள்ளே இருக்கிறார் என்றது சர்வர். மலையில் டெலிபோன் லைன் மெதுவானது, பாவம் கிளாக்கர்மார் என்று சொல்லி, பதில் வராவிட்டாலும் சர்வர் வரம்பில்லாமல் காத்திருக்கும்படி அமைத்துவைத்தவள் நீதான். இணைந்திருப்பவர்களின் வரிசையைப் பார்த்தேன். உன் கணினியின் பெயர் இருந்தது. டெலிபோன் லைன் அறுந்தால் சர்வருக்குத் தெரிந்துவிடும், ஆபீசுக்குள் ஒரு கணினி அணைந்தால் தெரியாது. நீ முடிந்தது என்று சொல்லாததால் அது உனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு நானே உன் இணைப்பை நிறுத்தினேன். நீ அன்று எடுத்த கடிதங்களெல்லாம் அழியாமல் இருந்து என்னிடம் வந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் உன் பெயர். முதல் தடவையாக எனக்கு முதலில் அஞ்சல் பெட்டி திறந்தது, அதில் எனக்கென்று ஒரு கடிதம்கூட இல்லை.

அதற்குப் பிறகு எல்லாத் தோட்டமும் என்னைத்தான் கேட்டுக் கூப்பிட்டது. உன்னை முந்திக்கொண்டு வாங்காத பெயர் எனக்கு ருசிக்கவில்லையடி.

இன்றைக்கும் கணினியை மூடும்போது என் வாய் தானாகப் போயிட்டு வர்றேன் என்கிறது. அதுவும் நீ சொல்லிக்கொடுத்ததுதான். இன்று பெட்டியை ஈரத்துணியால் துடைத்தேன், பொட்டை விட்டுவிட்டுத் துடைத்தேன். ஊரையெல்லாம் சொல்லிவிட்டுக் கிளம்பச் சொன்ன நீ, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாய். அந்த நாட்களில் நீ இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. இந்தப் பெட்டிக்குத் தெரியாது. அதனிடம் மட்டும் நீ இன்னும் சில நாள் கூடுதலாக இருந்தாய். இப்போது எனக்குப் பொறாமை இதன்மேல்தான்.