ஆளுயர மெழுகுவர்த்தி

ராயபுரம்,
8-2-54

என் கண்ணான மருமகள் ஆலிசுக்கு, சவரிநாதன் மாமா மனசார எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச்சை நான் தொட்டால்தான் கப்பலே அசைகிறது. வெள்ளைக்காரக் கேப்டன் தினம் எனக்குச் சலாம் போடுகிறான். நேற்றுப் பூசை முடிந்து, கோயில் வாசலில் ஊரே கேட்கச் சொல்லிவிட்டேன்: எஸ்.எஸ்.எல்.சி.யில் எங்கள் ஆலிஸ்தான் முதலாவது. ரிசல்ட் வந்ததும் அந்தோணியாருக்கு அவள் உயரத்துக்கு மெழுகுவர்த்தி! மீன்கார குப்பம்மா, "இன்னா மாமு, கலெக்டராவப் போவுதா?" என்றாள். "கவர்னரே ஆவும், போமே" என்றேன்.

உன் மாமா,
சவரிநாதன்

வேலூர் விடுதி,
11-2-54

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. முன்பே தூக்கம் இல்லை. புத்தகத்தைத் திறந்தால் நெஞ்சு படபடக்கிறது. பள்ளியில் வைத்த மாதிரிக் கணக்குப் பரீட்சையில் விரல் விறைத்துப்போய் வெறும் தாளைக் கொடுத்துவிட்டேன். யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. ராயபுரமே அந்த மெழுகுவர்த்திக்குக் காத்திருக்கிறதே மாமா, நான் எப்படி வருவேன்? பெரிய பரீட்சைக்கு உட்காரவே பயமாயிருக்கிறது. அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

ஆலிஸ்

ராயபுரம்,
15-2-54

தங்கமே ஆலிஸ்,

மெழுகுவர்த்தியை நேற்றே ஏற்றிவிட்டேன். உன் உயரத்துக்கு மேல் ஒரு முழம். அது எரிந்த வெளிச்சத்தில் கலங்கரை விளக்கம் என்று நினைத்து ரெண்டு கட்டுமரம் கோயில் பக்கம் திரும்பிவிட்டது! சாமியார் ஓடிவந்து, "பரீட்சையே நடக்கவில்லையே, எதற்கு நேர்ச்சை?" என்றார். "எங்க புள்ள எங்களுக்குக் கீது சாமி, அதுக்குத்தான்" என்றேன்.

குப்பம்மா விடுவாளா? "பெயிலாச்சின்னா இன்னா பண்ணுவே?"

"வூட்டுக்கு வரும், சோறு துன்னும். உனுக்கு இன்னாமே பேஜாரு?"

இனி அந்தோணியாருக்குப் பாக்கி இல்லை, ஊருக்கும் இல்லை. உட்கார முடிந்தால் உட்கார். இல்லையென்றால் புறப்பட்டு வா.

அக்காவிடம் சொல்லாதே என்றாய். சொல்லிவிட்டேன். திட்டவில்லை. சனிக்கிழமை வஞ்சிரக் கருவாட்டோடு ரயிலேறுகிறாள்.

மாமா

வேலூர் விடுதி,
24-2-54

அன்புள்ள மாமா,

அம்மா வந்தாள். அவள் பக்கத்தில் படுத்து, காலை மணி அடித்தும் எழாமல் தூங்கினேன். விடுதி சிஸ்டர் எழுப்ப வேண்டாமென்று சொன்னார்களாம். படபடப்பு முழுக்கப் போகவில்லை. ஆனால் சாப்பிடுகிறேன், பேனா பிடிக்க வருகிறது. பரீட்சைக்கு உட்காருகிறேன். கணக்கு எப்படி வருமோ, தெரியாது.

கட்டுமரக் கதையை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ரொம்ப நாளைக்குப் பிறகு ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்புறம் அம்மா சொன்னாள், ஏற்றும்போது நீங்கள் தேம்பித் தேம்பி அழுதீர்களாமே.

அதை மட்டும் ஏன் மாமா எழுதவில்லை?

உங்கள்,
ஆலிஸ்