கூரை வழியே வந்த கிரகணம்

பட்டினச்சேரி
17-2-80

விசாலாட்சிக்கு,

'அன்புள்ள' வேண்டுமென்றேதான் போடவில்லை. பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள், "உங்க கூரையில எத்தனை பொத்தல்டி" என்று கேட்டுச் சிரித்தாய். அதற்குப் பிறகு வகுப்பில் உன் பக்கம் நான் திரும்பவே இல்லை.

நேற்று மத்தியானம் கிரகணம். அக்காவுக்கு ஏழாம் மாதம். கர்ப்பிணி மேல் அந்த வெளிச்சம் படவே கூடாது என்று அம்மா கதவைச் சாத்தி, இடுக்கிலெல்லாம் துணியை அடைத்துவிட்டு, மூலையில் கண்ணை மூடிச் சாமி கும்பிட உட்கார்ந்துவிட்டாள். வெளியே போய்ப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. கோபத்தில் தரையை முறைத்துக்கொண்டிருந்தேன்.

பொத்தல் வழியாகத் தரையில் விழும் வெயில் வட்டங்கள் ஒவ்வொன்றாக ஓரம் தேய்ந்து பிறையாகிக்கொண்டிருந்தன. பாயில், தண்ணீர்க்குடத்தில், சுவரில், எங்கும் பிறை. அக்காவின் வயிற்றில் மட்டும் ஐந்து. அவள் மூச்சு விட, அவையும் ஏறி இறங்கின. அலறப்போகிறாள் என்று நினைத்தேன். "அம்மாகிட்ட சொல்லிடாத" என்றாள் மெதுவாக. முந்தானையைக்கூட இழுத்து மூடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இன்று மறுபடியும் வட்டங்கள்தான். நேற்றுத் தேய்ந்தது சூரியன் என்றால் இவையும் சூரியன்தானே? இத்தனை வருஷமாக இவற்றின்மேல் பாய் விரித்துப் படுத்திருக்கிறேன்.

பங்குனியில் அப்பா கூரை மாற்றுகிறார். அதற்குள் ஒரு மத்தியானம் வா. எனக்கு எழுபதுக்குமேல் எண்ணிக்கை தப்பிவிடுகிறது. எங்கள் வீட்டில் எத்தனை சூரியன் என்று நீயே எண்ணிச் சொல்.

அன்புள்ள,
உன் பக்கத்து பெஞ்சுக்காரி