செல்வராணி வீட்டு அடுப்படி

பிப்ரவரி 4, புதன். மதுரை

விடியலில் பனி. ஒன்பது மணிக்கே வெயில் முதுகில் ஏறிவிட்டது. சென்னையில் இறங்கி, சைக்கிளைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்தியதிலிருந்து இன்றுதான் முதல் பஞ்சர். அதுவும் கோரிப்பாளையம் சிக்னலில், நாலு பக்கமும் பஸ்காரர்கள் ஹாரனில் சாய்ந்து தூங்கும் இடத்தில்.

பேக்கரிக்கார பாய் ஒருவர் ஓடிவந்து ஹேண்டிலைப் பிடித்தார். “மொதல்ல ஓரமா வாங்கம்மா, அப்பறம் பாத்துக்கலாம்.” பன் தட்டுகளை நகர்த்திவிட்டுக் கடைக்குள்ளேயே சைக்கிளைத் தலைகீழாகப் போட இடம் கொடுத்தார். டீ வந்தது. நான் டியூப் மாற்றுவதைப் பார்க்க ஒரு கூட்டம். “மலேசியாவாம்டா. தனியாவாம்டா.” “இம்புட்டுத் தூரம் சைக்கிள்லயா? வீட்டுல யாரும் கேக்க மாட்டாகளா?” பாய் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி, சாப்டீங்களா என்று. கிளம்பும்போது, “துவா செய்றேம்மா, நல்லபடியா போய்ச் சேருங்க.”

ஈப்போவில் என் கிளினிக் நர்ஸ்கள் எல்லாரும் பயமுறுத்தித்தான் அனுப்பினார்கள். இந்தியா, தனியாக, நாற்பத்தேழு வயதில். இதுவரை என்னைத் துன்புறுத்தியவை: நாய்கள். ஹாரன். இன்னொரு தோசை.

நாளை உசிலம்பட்டிப் பக்கம். கன்னியாகுமரிக்கு அது சுற்றுவழிதான். தாத்தா மலாயாவுக்குக் கப்பலேறுமுன் இருந்த ஊர், க.பட்டி, அங்கேதான் இருக்கிறது. ஊர்ப் பெயர்ப் பலகைக்குக் கீழே சைக்கிளை நிறுத்தி ஒரு படம், தங்கைக்கு அனுப்ப. அவ்வளவுதான் திட்டம். உள்ளே போகிற எண்ணம் இல்லை. வேர் தேடி வந்தேன் என்று உருகுகிறவர்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல்.

அப்பா சொல்வார், அங்கே போனால் ஊரைச் சொல், தெருவைச் சொல்லாதே. எங்கள் ஆட்கள் ஊருக்குக் கிழக்கே, தனியாக, ஊராரின் கிணற்றைத் தொடாமல் இருந்தவர்கள். தாத்தா கப்பலேறியதே அதற்காகத்தான். ஈப்போவில் இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை, ஒரு கல்யாணப் பேச்சில் தவிர. அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. பையனைப் பிற்பாடு பார்த்தேன், நல்லவேளை.

பிப்ரவரி 5, வியாழன். க.பட்டிக்குச் சற்று முன்

விழுந்துவிட்டேன். ஆடு ஒன்று குறுக்கே வந்தது, ஆட்டுக்கு ஒன்றுமில்லை. இடது மணிக்கட்டு வீக்கம், எலும்பு முறிவு இல்லை (விரல்கள் எல்லாம் அசைகின்றன). முழங்கால் தோல் போயிற்று. பின் கேரியரின் கால் ஒன்று ஒடிந்து பையெல்லாம் ரோட்டில்.

டி.வி.எஸ்.ஸில் புல்லுக்கட்டோடு வந்த பெண் வண்டியை அப்படியே சாய்த்துவிட்டு இறங்கினாள். “ஏங்க்கா, தலையில அடிபட்டிருச்சா? என்னையப் பாருங்க. இது எத்தன விரலு?” அது நான் நோயாளிகளிடம் கேட்கும் கேள்வி. சிரித்துவிட்டேன். அவள் என் சைக்கிளைத் தள்ள, நான் அவள் பின்னால் நொண்ட, பருத்திக் காட்டுக்கு நடுவே அவள் வீடு. தனி வீடு. பச்சைச் சுவர். பெயர் செல்வராணி. நாற்பது இருக்கும். பிள்ளைகள் இரண்டும் கோயம்புத்தூர் ஹாஸ்டலில்.

“பசியாறிட்டீங்களா?” என்று நான் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “கோயில்ல கேக்குற மாதிரியில்ல கேக்குறீங்க.” காலைச் சாப்பாட்டுக்கு எங்கள் ஊரில் அதுதான் பேச்சு என்றேன். அதற்கப்புறம் எந்த வேளைக்கும் அதே கேள்வியை என்னிடமே திருப்பிக் கேட்கிறாள்.

சாயங்காலம் அவள் கணவர் முருகேசன் வந்தார். கப்பலூரில் பிளாஸ்டிக் கம்பெனியில் ஃபிட்டர். ஒடிந்த கேரியரைக் கையில் எடுத்துப் பார்த்தார், டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பதுபோல. “நாளைக்குக் கம்பெனியில குடுத்து வெல்டு வச்சிருவோம். நீங்க படுங்கக்கா.”

சாப்பிடும்போது அந்தக் கேள்வி.

“பூர்வீகம் எதுக்கா?”

க.பட்டி என்றேன். அவர் கை சோற்றிலேயே நின்றது. “இந்தா, நடந்தாப் போற தூரம். எங்க ஊருக்கா அது. எந்தத் தெரு?”

“தெரியலை தம்பி.” தெரியும்.

அவரே முடிவு கட்டினார். “நம்ம வகையறால மலாயா போன குடும்பம் உண்டு. அவுகளாத்தான் இருக்கும்.” உடனே பெரியப்பாவுக்கு ஃபோன். “பெரியப்பா, மலேசியாவுலருந்து நம்மாளு ஒருத்தவுக வந்திருக்காக.” பெரியப்பா ஊருக்குள் பெரிய தலை. ஞாயிற்றுக்கிழமை வந்து என்னைக் கூட்டிப்போய்த் தாத்தாவின் வீட்டையே காட்டுவாராம்.

செல்வராணி இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள். “அவருக்கு அக்கான்னா எனக்கு மதினி. இனிமே சட்டமா உக்காந்து சாப்பிடுங்க மதினி.”

வாயைத் திறந்தேன். சோற்றை வைத்து மூடிக்கொண்டேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

மேகமூட்டம். கை வீக்கம் குறையவில்லை. மு. கேரியரைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோனார்.

கோடாலித் தைலம் ஒரு பாட்டிலும் பாலில் கலக்கும் மைலோ பாக்கெட்டுகளும் கொடுத்தேன். செ. தைலத்தை என் கையிலேயே தேய்த்துவிட்டாள். உங்களுக்குக் கொடுத்ததை எனக்கே செலவழிக்கிறீர்களே என்றால், “பேசாம கைய நீட்டுங்க மதினி.” இடது கையைத் தூக்க முடியாததால் தலையும் அவளே சீவினாள். சிக்கெடுக்கும்போது ஒரு கையால் முடியின் அடியைப் பிடித்துக்கொண்டாள், வலிக்காமல் இருக்க. அம்மா போனபிறகு என் தலையை யாரும் தொட்டதில்லை, சலூன்காரியைத் தவிர.

அடுப்படியிலேயே உட்கார்ந்து ஒரு கையால் மொச்சை உரித்தேன். மெதுவாக. அவள் என் மிச்சத்தையும் சேர்த்து உரித்தாள்.

இந்த வீட்டில் இதுவரை: மொச்சைக் கருவாட்டுக் குழம்பு. கம்மங்கூழ், மோர்மிளகாய். முட்டை ஆம்லெட், வேண்டாம் என்ற பிறகு இன்னொன்று. ரசம், டம்ளரில். மறுபடி மொச்சை.

மருந்துக் கடைக்கு ஃபோன் செய்து கட்டுத்துணி கொடுத்தனுப்பச் சொன்னாள். தன் புது நைட்டியைக் கொடுத்தாள். துவைத்த என் துணியை மாடியில் காயப்போட்டேன், அதற்கும் திட்டு.

சாயங்காலம் குளித்துவிட்டு வந்தேன். “வெள்ளிக்கெழம. வெளக்க நீங்க ஏத்துங்க மதினி. வீட்டுக்கு வந்த மூத்த நாத்தனா ஏத்துனா எங்களுக்கு நல்லது.” சாமி அலமாரிக்கு முன்னால் என்னை நிறுத்தித் தீப்பெட்டியைக் கொடுத்தாள். ஏற்றினேன். அவள் கண்ணை மூடிக் கும்பிட்டாள். நான் மூடவில்லை, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கோரிப்பாளையம் பாய்க்கு நான் யாரோ. யாரோ ஒருத்திக்கு டீ கொடுத்தார், குடித்தேன், கணக்கு சரி. இங்கே நான் யாரோ இல்லை, அதனால்தான் கணக்கு நேராகவில்லை. இந்தச் சோறு எனக்கா, இல்லை இவர்கள் மனசில் இருக்கிற அந்த அக்காவுக்கா? எனக்கு இவளைப் பிடித்துவிட்டது. பிடிக்காமல் இருந்திருந்தால் பெரியப்பா வருமுன் ஒரு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிப் போயிருப்பேன்.

பிப்ரவரி 7, சனி

சொல்லிவிட்டேன்.

காலையில், அவள் தாளித்துக்கொண்டிருந்தபோது. மு. ஷிப்டுக்குப் போனபிறகு. எங்கள் தெரு எது என்று எனக்குத் தெரியும் செல்வராணி, ஊருக்குக் கிழக்கே, காலனி, உங்கள் வகையறா இல்லை நாங்கள். ஒரே மூச்சில். கடுகு கருகிவிட்டது. அடுப்பை அணைத்தாள்.

கட்டிப்பிடிப்பாள், அல்லது வெளியே போ என்பாள். இரண்டில் ஒன்றுக்குத் தயாராக இருந்தேன்.

“இத ஏன் எங்கிட்ட சொன்னீங்க?” என்றாள்.

“உங்ககிட்ட பொய் சொல்லப் பிடிக்கலை.”

“பேசாமப் போயிருக்கலாம்ல. நானும் நாத்தனா வந்துட்டுப் போனாகன்னு சந்தோசமா இருந்திருப்பேன். இப்ப அவருகிட்டச் சொன்னாலும் வம்பு, சொல்லாட்டியும் வம்பு. நாளைக்குப் பெரியப்பா வந்து நிப்பாரு. வெளக்கு வேற ஏத்தச் சொன்னேன். தெரிஞ்சா எங்கள ஊருக்குள்ள ஒரு வழி பண்ணிருவாக. இம்புட்டையும் என் தலையில கட்டிட்டீங்க.”

சத்தம் போடவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது, அதுதான் எனக்குக் கோபம். மூன்று தலைமுறை, ஒரு கடல் தாண்டியும் நான்தான் ஸாரி கேட்க வேண்டுமா? கேட்கவில்லை. அழவும் இல்லை. அங்கே அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் சாப்பாடு வந்தது. அதே தட்டு, அதே இடம், குழம்பும் குறையவில்லை. ஆனால் அவள் உட்காரவில்லை. “வெங்காயம் உரிக்கணும்” என்று பின்பக்கம் போனாள். உரித்த வெங்காயம் கிண்ணத்தில் என் கண்ணெதிரே இருந்தது.

மு. வந்தார். கிணற்றடியில் இருவரும் வெகுநேரம் பேசினார்கள். அவர் குரல் ஒருமுறை ஏறியது, அப்புறம் மோட்டார் சத்தம்தான் கேட்டது. பிறகு என் சைக்கிளை வாசலுக்கு உருட்டிவந்து ஸ்பேனரோடு உட்கார்ந்தார். வெல்டு அருமை. தேய்த்து, பெயின்ட்கூட அடித்திருந்தார். ஒவ்வொரு போல்ட்டாக முடுக்கினார். முடுக்கினதையே மறுபடி முடுக்கினார். கடைசியில் தானே கேரியர்மேல் ஏறி உட்கார்ந்து, ஆட்டிப் பார்த்தார்.

“இது இனி ஒடையாது. எம்புட்டு வெயிட்டு வேணாலும் வைக்கலாம்.” என்னைப் பார்க்கவில்லை, பெடலிடம் சொன்னார். “பெரியப்பாவ வர வேணாம்னுட்டேன். உடம்புக்கு முடியாம நீங்க கெளம்பிட்டதாச் சொல்லியிருக்கேன்.”

அக்கா என்ற சொல் வரவில்லை.

அந்த வேலையில் அக்கறை இருந்தது, அவசரமும் இருந்தது. எது எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு. க.பட்டி

பனி விலகுமுன் கிளம்பினேன். மு. எழுந்து வரவில்லை. செ. மணிக்கட்டில் புதுக் கட்டுத்துணியைச் சுற்றினாள். “இறுக்குதா?” இல்லை என்றேன். “விரல ஆட்டுங்க.” ஆட்டினேன். இன்னொரு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டாள். புளியோதரைப் பொட்டலத்தைப் பைக்குள் வைத்து, “திருமங்கலம் போற வரைக்கும் தாங்கும்” என்றாள். நான் அவள் கையைப் பிடித்தேன். விடுவித்துக்கொள்ளவில்லை. ஊர்ப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், யாராவது வருகிறார்களா என்று.

ரோட்டுக்கு வந்த பிறகு அழுதேன். நன்றாக, சத்தமாக. ஒரு மாட்டு வண்டிக்காரர் பார்த்துவிட்டார். வெட்கமாக இருந்தது.

பலகைக்குக் கீழே படம் எடுத்தேன். மூக்கு சிவந்திருக்கிறது. தங்கைக்கு அனுப்பியாயிற்று.

திருமங்கலத்துக்கு நேர்ரோடு. கிழக்கே ஒரு மண்பாதை. இவ்வளவு பாடுபட்டுச் சொன்ன தெருவைப் பார்க்காமல் போவேனா என்று வீம்பு. திருப்பினேன்.

தண்ணீர்க் குழாயடியில் நாலைந்து பெண்கள். தாத்தாவின் பெயரைச் சொன்னேன். அந்தப் பெயரில் கப்பலேறியவர்கள் நிறையப் பேராம், யாருக்கும் இன்னார் என்று தெரியவில்லை. அதைப் பற்றி அவர்களுக்குக் கவலையும் இல்லை. முத்துலட்சுமி என்கிறவள், என் வயதுதான், குடத்தை இறக்கிவைத்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப்போனாள். டீ, முறுக்கு. கோழி அடிக்கப் புறப்பட்டவளைத் தடுக்கவேண்டியதாயிற்று. புளியோதரையைப் பிரித்து எல்லாரும் தின்றோம்.

“கையில யாரு கட்டுப் போட்டா?”

சொன்னேன். பச்சை வீடு, செல்வராணி, மூன்று ராத்திரி.

மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. “மாடியில துணி காயப்போட்டது நீங்கதானா?” என்றாள் மு.லட்சுமி. “வெள்ளிக்கெழம பருத்தி எடுத்துக்கிட்டு நின்னேன். அவுக சொந்தம்னு நெனச்சேன்.” கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தக் காட்டில்தான் வேலையாம். கூலி வாங்குவது வேப்பமரத்தடியில், தண்ணீர் குடிப்பது மோட்டார் தொட்டியில்.

“வீட்டுக்குள்ளயா படுத்தீங்க?”

ஆமாம் என்றேன். எல்லாரும் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார்கள். யாருக்கும் கோபம் இருந்ததுபோலத் தெரியவில்லை. ஆசையாகத்தான் கேட்டார்கள், ஒருத்தி மாற்றி ஒருத்தி. உள்ளே எத்தனை ரூம்? டி.வி. பெரிசா? ஃப்ரிட்ஜ் எங்கே இருக்கிறது? அடுப்படிக்கு வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வரும்? சொன்னேன். ஹால், இரும்புக் கட்டில், சாமி அலமாரி, மேடையில் அடுப்பு, கிழக்கே ஜன்னல். மறந்ததை யோசித்து யோசித்துச் சொன்னேன்.

“அந்தம்மா கொழம்பு நல்லா வைக்குமா?” என்றாள் மு.லட்சுமி.

“ரொம்ப நல்லா வைப்பாங்க.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். “வைக்கும். தாளிக்கிற வாசம் எங்க பருத்தி நெரை வரைக்கும் வரும்.”