அளவுச் சட்டை

கங்காதர நெல்லூர்,
கார்த்திகை, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ரோஹிணிக்கு,

இங்கே நானும் தரணியும் இரண்டு மாடுகளும் சௌக்கியம். புருஷோத்தமன் அண்ணன்தான் சௌக்கியமாக இல்லை. அதற்கு நான்தான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். உண்மைதான். அயர்லாந்துக் குளிரில் உனக்குச் சளி விட்டதா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ அழுகிறாய், நான் கத்திவிடுகிறேன், நடுவில் சிக்னலும் போய்விடுகிறது. வேலையை விட்டுவிட்டுப் பொங்கலுக்குள் வந்துவிடுகிறேன் என்று போன வாரம் சொன்னாயே, அதற்கு என் பதிலை யாரும் குறுக்கே பேசாமல் சொல்ல வேண்டும். வராதே.

முதலில் ஒரு நல்ல சேதி. நீ வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஒரு அம்மாள், ஸ்வெட்டர் பின்னும் முறை அச்சடித்த தாளைக் கொடுத்து, உன் வீட்டில் யாரையாவது பின்னித் தரச் சொல் என்றாராம். நம் வீட்டில் பின்னுவதற்கு யார் இருக்கிறார்கள் என்று சிரித்து அதைப் படம் எடுத்து அனுப்பினாயே. நான் இருக்கிறேன். ஆரம்பித்துவிட்டேன்.

அந்தத் தாள் இருக்கிறதே, சாமி! முழுக்க இங்கிலீஷ் எழுத்தும் நம்பரும்தான். இன்டர் பரீட்சையில் கெமிஸ்ட்ரி கூட என்னை இவ்வளவு படுத்தவில்லை. யூடியூபில் பார்த்துப் பார்த்துக் கண்ணி போடக் கற்றுக்கொண்டேன். நடுவில் ஜடை மாதிரி இரண்டு பின்னல் ஏற வேண்டும். அதற்கு மூன்று கண்ணிகளைத் தனிக் கம்பியில் எடுத்து முன்னால் நிறுத்திவிட்டு, அடுத்த மூன்றைப் பின்னிய பிறகு நிறுத்தியதைப் பின்ன வேண்டும். உடைந்த குடையில் ஒரு கம்பியை உருவி, முனையைத் தேய்த்து வைத்துக்கொண்டேன். முதல் ஜடை சொன்னபடி கேட்டது. இரண்டாவது ஜடை, புருஷனிடம் கோபித்துக்கொண்டவள் போல வேறு பக்கம் திரும்பிவிட்டது. பிரித்துவிட்டு மறுபடி போட்டேன்.

ஒளித்தெல்லாம் பின்னவில்லை. பால் சென்டர் வரிசையில் நின்றுகொண்டே பின்னுகிறேன். பால் அளக்கிற லோகேஸ்வரன், ‘இன்னா மாமா, அக்கா வெளிநாட்ல வேல பாக்குது, நீ இங்க நூல் பின்னிக்கினு கீற. அடுத்து பொடவ கட்டிக்கினு வருவியா’ என்றான். ‘வரேன்டா, கொசுவம் வெச்சி வுட நீ வந்துடு’ என்றேன். வரிசையில் இருந்த பெண்கள் எல்லாம் சிரித்ததில் அவன் பாலைக் கீழே ஊற்றிவிட்டான். திருமலைக்குப் போகிறவர்களுக்காகத் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் ஸ்வெட்டரைக் குவித்து விற்கிறார்களே, ஒன்று வாங்கி அனுப்பக்கூடாதா என்றும் கேட்கிறார்கள். வாங்குவதென்றால் அவளே வாங்கிக்கொள்வாள் என்று சொல்லிவிட்டேன்.

பாகாலாவில் நம் பாலசுந்தரம் மகன் கல்யாணம் நடந்தது. அங்கேயும் முன் வரிசையில் உட்கார்ந்து பின்னினேன். அண்ணன் வந்து, ‘மானத்த வாங்காதடா, அத்த உள்ள வெய்யி’ என்றார். அதோடு விட்டிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். ‘பொண்டாட்டி சம்பாத்தியத்துல துன்றான்னு பேசறாங்க, நீ வந்துடும்மான்னு அவளுக்கே போன் போட்டுச் சொல்லிட்டேன்’ என்றார். அப்போதுதான் உன் அழுகை எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. ‘ஆமாண்ணா, துன்றேன். அவ நான் கறந்த பால குடிச்சப்ப நீங்க யாரும் பேசலியே’ என்று நாதஸ்வரக்காரருக்கே கேட்கும்படி சொன்னேன். அண்ணன் என்னோடு உட்காராமல் கடைசிப் பந்திக்குப் போய்விட்டார். நான் உட்கார்ந்து பாயசம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

இத்தனை வீரம் பேசினவன் செய்த கூத்தைக் கேள். டெய்லரிடம் கொடுப்பாயே, அந்த அளவு ரவிக்கை, அதை வைத்துத்தான் கண்ணி போட்டிருந்தேன். நூல் போதாமல் திருப்பதிக்குப் போனபோது கடைக்காரம்மா பின்னியதை வாங்கி விரித்துப் பார்த்தார். இதைச் சட்டைக்கு மேலே போடுவார்களா, உள்ளே போடுவார்களா என்று தெலுங்கில் கேட்டுவிட்டு அந்த அம்மா சிரித்த சிரிப்பு! ஒரு சாண் வளர்ந்திருந்ததை பஸ்ஸிலேயே பிரித்து உருண்டையாகச் சுற்றிக்கொண்டு வந்தேன்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. கரும்பு வெட்டப் போகும்போது சேலைக்கு மேலே என் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்வாயே, அதுதான் சரியான அளவு. பரணில் ஏறி எடுத்தேன். முழங்கைப் பக்கம் நீ போட்ட ஒட்டு அப்படியே இருக்கிறது. அதை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். தரணி பார்க்கவில்லை. பிறகு முதல் வரிசையிலிருந்து மறுபடி தொடங்கினேன். இப்போது நான்கு விரல் உயரம் வந்திருக்கிறது.

மாடு கறந்துகொண்டே இங்கிலீஷ் சொல்லிப் பார்த்தவள் நீ. அந்த இங்கிலீஷ் பரீட்சையில் தவறியபோதெல்லாம் முகத்தைக் கழுவிக்கொண்டு சித்தூர் ஆஸ்பத்திரிக்கு டூட்டிக்குப் போனவள். அப்படிக் கிடைத்த வேலையை நாலு பேர் வாயை அடைப்பதற்காக விடுவாயா? தரணி உன்னைத் தேடுகிறாள், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்கூலில் யார் கேட்டாலும் அம்மா அயர்லாந்தில் நர்ஸ் என்றுதான் முதலில் சொல்கிறாளாம். அண்ணனை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நம் அம்மன் கங்கம்மா உனக்குத் துணையிருப்பாள். வேளைக்குச் சாப்பிடு. உனக்கே அங்கே இருக்கப் பிடிக்காவிட்டால் மட்டும் புறப்படு, ரேணிகுண்டா ஏர்போர்ட்டில் வந்து நிற்கிறேன். அண்ணனுக்காக வராதே, ஊருக்காக வராதே. முடிவு எடுக்கும்போது என்னை மட்டும் கேட்டுவிடாதே ரோஹிணி. கேட்டால் இன்றைக்கே கிளம்பி வா என்று சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் பிடிவாதக்காரன்
கோவர்த்தனன்