இருக்கன்குடியில் குறைத்துக் கேட்டது

ஆமத்தூர்
12.9.2008

அன்பு மகன் பாண்டிராஜுக்கு அப்பா சங்கிலிமுத்து எழுதுவது. மாரியாத்தா புண்ணியத்தில் இங்கே நானும் உன் அம்மாவும் மூன்று ஆடுகளும் சுகம். உன் சுகத்துக்கும் உன் முட்டிவலியின் சுகத்துக்கும் தனித்தனியே பதில் போடு. முதலில் ஊரறிய அறிவிக்க வேண்டிய பெருஞ்செய்தி, சித்திரையில் காணாமல் போன நம் வீட்டுக் குக்கர் விசில் நேற்றுக் காலை அரிசிப் பானைக்குள் உயிரோடு கண்டெடுக்கப்பட்டது. உன் அம்மா கண் கலங்கிவிட்டாள். விசில் பேசும் நிலையில் இல்லை.

நிற்க. சீசன் முழுக்க நீ போனில் நல்லாத்தான் போகுதுப்பா என்றே சொல்லிவந்தாய். போன வாரம்தான் உண்மை வந்தது. நீ ஆடுகிற இந்தச் சின்ன கோல்ஃப் டூரில் இரண்டாம் நாளோடு பாதிப் பேரைக் கழித்து வீட்டுக்கு அனுப்புவார்கள், போன ஊரிலெல்லாம் உன்னைக் கழித்தார்கள், டெல்லியில் நடக்கிற கடைசி ஆட்டத்திலும் கழித்தால் கோல்ஃப் மட்டையை விற்றுவிட்டு வந்து என்னோடு பட்டாசுக் கம்பெனியில் வெடிக்கு மருந்து செலுத்தப்போவதாகச் சொன்னாய். ஏலே, இந்த ஒரு இடத்தில் நான் கேலி பேசவில்லை. வீட்டுக்கு எப்போது வேண்டுமானாலும் வா, மருந்து ரூமுக்கு மட்டும் வராதே. அந்த ரூம் வாசலில் உன்னை நிறுத்திப் பார்க்க என்னால் ஆகாது.

உடனே பஜாரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் ஜாபர் சாதிக்கிடம் ஓடினேன். வாராவாரம் கம்ப்யூட்டரில் பார்த்து நீ அடித்த நம்பரைச் சொல்வது அவன்தானே. அண்ணாச்சி, இந்த ஆட்டத்துல கொறச்சு அடிச்சவுகதான் செயிப்பாக, உங்க மகன் அம்புட்டுப் பேரையும்விடக் கூட அடிச்சிருக்காப்ல என்றான். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. குற்றம் உன் மட்டையில் இல்லை, உன் அம்மாவின் நேர்த்தியில். தை மாதம் இருக்கன்குடி மாரியாத்தா முன்னால் நின்று, தாயே எம்மகனுக்கு மத்தவுகளவிட நம்பரைக் கூடக் கொடு என்று கேட்டிருக்கிறாள். கேட்டதை ஆத்தா தாராளமாகக் கொடுத்துவிட்டாள். இந்த ஊரில் கோல்ஃப் விவரம் தெரிந்த ஒரே ஆள் நான், என்னை ஒரு வார்த்தை கலந்திருக்கலாம் அல்லவா.

ஞாயிற்றுக்கிழமை நேர்த்தியைத் திருத்த இருவரும் போனோம். என்ன வேண்டுதல் என்று பூசாரி கேட்டார். கொறச்சுக் கொடுக்கச் சொல்லி வந்திருக்கோம் சாமி என்றாள் உன் அம்மா. மழை கூடணும் சம்பளம் கூடணும்னு வருவாக, கொறைக்கச் சொல்லி வந்தவுக நீங்கதான், எதைத் தாயி கொறைக்கணும் என்றார் அவர். அடியத்தான் சாமி, எண்பதுக்குக் கீழ வந்தாக்கூடப் போதும் என்றாள். பூசாரி திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. எனக்கு மட்டும் இரண்டு கை திருநீறு அள்ளிப் பூசி, பொம்பளப்பிள்ள மேல இனிமே கைய நீட்ட மாட்டேன்னு சொல்லும்யா என்றார். பின்னால் பெருங்கூட்டம். விளக்க வழியில்லாமல் அப்படியே சத்தியம் செய்துவிட்டு வந்தேன். பஸ் ஏறும்வரை உன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள், அது அழுகை என்று பார்த்தவர்கள் என்னை இன்னொருமுறை பார்த்தார்கள்.

ஆகவே டெல்லியில் பயமில்லாமல் ஆடு. வேளாவேளைக்குச் சாப்பிடு, பச்சைத்தண்ணீரில் தலைக்கு ஊற்றாதே. திருநீறு இதோடு வைத்திருக்கிறேன், நெற்றிக்குப் பூசியது போக மிச்சமிருந்தால் மட்டைக்கு. கழித்தாலும் மட்டையை விற்காதே, அடுத்த சீசனுக்கு ஆத்தாவிடம் சரியான நம்பர் போயிருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் போனை அணைத்துவைக்காமல் எங்களுக்குச் சொல், எந்த நம்பரானாலும் சொல். நீ நோய்நொடி இல்லாமல் நூறாண்டு இருக்க எங்கள் இருவரின் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஆ. சங்கிலிமுத்து

பி.கு. இந்தக் கடிதத்தை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இதையும் எழுதினால்தான் கவரை ஒட்டவிடுவேன் என்கிறாள். தை மாதம் சன்னதியில் அவள், கூடக் கேக்கவா கொறச்சுக் கேக்கவா, வெவரம் தெரிஞ்சவுக நீங்க சொல்லுங்க என்று என்னைத்தான் கேட்டாள். கூட என்று சொன்னது நான். நீ எண்பத்தொன்பது அடித்த அன்று, எம்மகன்தான் முதல் என்று கம்பெனி முழுக்கச் சாத்தூர் சேவு கொடுத்ததும் நான். தின்றவர்களிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. டெல்லியில் நீ நன்றாக ஆடிவிட்டால் கூட அடித்ததற்கும் சேவு, குறைத்து அடித்ததற்கும் சேவா என்று கேட்பார்களே, அதற்குத்தான் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.