நாலு பக்கமும் கரை வைத்த துணி

அக்கா மகளைக் கட்டிக்கொண்டு, கடைசி வரை அவள் வாய்க்குத் தோற்றே போன என் மாமாவுக்கு,

நீங்கள் பாடம் எடுத்த கல்லூரியில் உங்கள் நினைவாக ஒரு மலர் போடுகிறார்களாம். வீட்டுக்காரி நாலு வரி எழுதித் தர வேண்டும் என்று உங்களோடு வேலை பார்த்த சார் வந்து கேட்டார். அஞ்சாவதோடு நின்றவள் உங்களைப் பற்றி அவர்களுக்கு என்ன சொல்வது? அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். அவர்களும் படித்துக்கொள்ளட்டும். உங்களுக்குச் சொல்ல எனக்கு ஒரு சேதி இருக்கிறது.

நீங்கள் புறப்படுவதற்கு முந்தின நாள் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தீர்கள். தான்சானியாவில் அப்படி என்ன ஆராய்ச்சி என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

"அங்க ஏரியோரம் இருக்கற ஊருங்க பூரா பருத்திதான் வெளையுது. அவங்களுக்குக் கட்டிக்கத் துணி இல்ல. அது ஏன்னு பாக்கப் போறேன்."

"இத்தத் தெரிஞ்சிக்கக் கடல் தாண்டணுமா? என்னைக் கேளுங்க. நெய்யறது பட்டு, கட்டிகினு இருக்கறது நைலக்ஸு."

நீங்கள் சிரித்தீர்கள். பிறகு சிரிக்காமல் சொன்னீர்கள்: "உன் கூலியக் கொறைக்கிறவன் யாருன்னு உனக்குத் தெரியும். கடத்தெருவுக்குப் போயி அவன் மூஞ்சியப் பாத்து நாலு வார்த்த கேக்கலாம். அவங்க பருத்திக்கு வெல வெக்கிறவன் எங்கியோ இருக்கான். அவன் மூஞ்சிய அவங்க பாத்ததே இல்ல, செண்பகம்."

நான் கயிற்றின் மறுமுனையைப் பிடித்து இறுக்கிக் கொடுத்தேன்.

கடிதங்களில் எழுதினீர்கள். எல்லா நிலத்திலும் பருத்தியே போட்டுப் போட்டு மண் களைத்துவிட்டது, மக்காச்சோளத்துக்கு இடமில்லை, சாப்பாட்டுக்கே வெளியூரைப் பார்க்கிறார்கள் என்று. பறித்த பருத்தி லாரிக்காகக் கொட்டகையில் காத்துக் கிடக்கிறது என்று. எல்லாம் அவர்களைப் பற்றித்தான். உங்களைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? பிறகு தந்தி வந்தது. காய்ச்சலில் இறந்துவிட்டீர்கள், அங்கேயே புதைத்தாகிவிட்டது.

பிணம் இல்லாமல் சாவுச் சடங்கு செய்வது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. நாற்காலியில் உங்கள் போட்டோவைச் சாய்த்து வைத்தோம். கொள்ளி வைக்க நமக்குப் பிள்ளையும் இல்லை. பங்காளிகள் கோடி கொண்டுவந்து போட்டோவின் மேல் போட்டார்கள். புதுத்துணி பாருங்கள், விறைப்பாக இருந்தது. போட்டோ அதைத் தாங்காமல் சரிந்து, துணியோடு கீழே விழுந்தது.

அம்மா, அதுதான் உங்கள் அக்கா, தலையில் அடித்துக்கொண்டாள். "என் தம்பி வாங்கிக்கல. அங்க எப்பிடிப் போட்டுப் பொதச்சானுங்களோ. நெசவுக்காரன் வூட்டுப் புள்ள, மேல ஒரு புதுத்துணி இல்லாம போயிட்டான்."

அந்த வார்த்தை இந்த வீட்டில் தங்கிவிட்டது, மாமா. ஒவ்வொரு புடவையையும் தறியிலிருந்து அறுக்கும்போது அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நானும் நினைப்பேன். ஊர் பேர் தெரியாத பெண்ணுக்கெல்லாம் நெய்கிறேன். உங்களை எதில் சுற்றினார்கள்? வெறும் உடம்போடு மண்ணில் தள்ளினார்களா? இந்த நினைப்பிலேயே வருஷங்கள் போயின.

போன மாசம் நம் சேவூருக்கு வந்த டவுன் பஸ்ஸிலிருந்து ஒரு ஆள் இறங்கினார். நல்ல உயரம், கறுப்பு. புடவை வாங்க வந்தவர் என்று நினைத்து ஆளாளுக்குக் கையைப் பிடித்து இழுத்தார்களாம். அவர் உங்கள் பேரைச் சொல்லி விசாரித்துக்கொண்டு நம் வாசலுக்கு வந்தார். யோசேபு. உங்கள் கூடவே ஊர் ஊராக வந்து, அந்த ஊர்ப் பேச்சை உங்களுக்குச் சொல்லித் தந்தாரே, அவர்தான். இப்போது சென்னையில் படிக்கிறார். ஹாஸ்டல் சமையல்காரரிடம் தமிழ் கற்றுக்கொண்டாராம். நம்மைப் போலவேதான் பேசுகிறார்.

அம்மா எழுந்து நின்றாள். "உங்க ஊர்லதானடா எந்தம்பிய நாதியத்துப் போட்டீங்க? தண்ணி கேட்டா குடுத்தீங்களா?"

அவர் கோபப்படவில்லை. தரையில் உட்கார்ந்தார். "எங்க வூட்லதாம்மா இருந்தாரு. எங்கம்மாதான் பாத்துக்கினாங்க. ஆஸ்பத்திரி இருக்குது, நர்ஸு இருக்காங்க, மாத்திர இல்ல. வெளிநாட்டுக் காசு இருந்தாத்தான் மாத்திர வரும். பருத்தி வித்தாத்தான் அந்தக் காசு. டவுனுக்கு இட்டுகினு போலாம்னா லாரிக்கு டீசல் இல்ல. அதுக்கும் அதே காசுதான்."

அவரே மேலும் சொன்னார். "படுத்துகினே சார் கேட்டாரு, 'யோசேபு, இந்த வருசம் வெல இன்னா போட்டாங்க?' கொறச்சிட்டாங்கன்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவரு மாத்திரையப் பத்திக் கேக்கவே இல்ல."

மாமா, உங்களுக்கு அப்போதே தெரிந்துவிட்டதா? அந்த விலையைக் கேட்டதும் கணக்கு விளங்கிவிட்டதா? ஒருத்தன் எங்கோ உட்கார்ந்து பருத்திக்கு விலையைக் குறைக்கிறான், இங்கே நான் தாலி அறுக்கிறேன். அவன் மூஞ்சியை நானும் பார்த்ததில்லை.

அம்மா கேட்க வேண்டியதைக் கேட்டாள். "எதுலடா சுத்துனீங்க?"

கடையில் துணியே இல்லையாம். சுற்றிலும் பருத்திக்காடு, பிணத்துக்குப் போட ஒரு முழம் புதுத்துணி கிடைக்கவில்லை. யோசேபின் அம்மா பெட்டியைத் திறந்தார்களாம். மகள் கல்யாணத்துக்கு என்று ரொம்ப நாளாகப் பத்திரப்படுத்திய ஒரு ஜோடித் துணி, மடிப்பே கலையாதது. அதை எடுத்து வந்து உங்களைச் சுற்றினார்களாம்.

"கறுப்பு, செவப்பு. நாலு பக்கமும் கரை இருக்கும். நடுவுல இப்பிடி வளஞ்சி வளஞ்சி..." என்று விரலால் தரையில் போட்டுக் காட்டினார்.

"மாங்காயாடா?" என்றாள் அம்மா.

"எங்க ஊர்ல அது முந்திரிக்கொட்ட."

"கண்ணு அவிஞ்சவனே, அது மாங்காதான்டா" என்று சொல்லிவிட்டு, அம்மா ஓவென்று அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு என்னிடம் திரும்பினாள். "அதாண்டி அவன் நாம போட்டத வாங்கிக்கல. முன்னாடியே ஒருத்தி போட்டுட்டா."

அந்தப் பெண்ணின் கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்டேன். இரவல் துணியில் நடந்ததாம். இப்போது கையில் குழந்தை. "இப்ப துணி நெறைய வருதுக்கா" என்றார் யோசேபு. "வெள்ளக்காரங்க போட்டுக் கழிச்சது, மூட்ட மூட்டையா. அதுக்கு எங்க ஊர்ல பேரே 'சீமையில செத்தவன்'."

நீங்கள் கேட்கப் போன கேள்விக்கு இதுதான் பதிலா மாமா? பருத்தி விளைவிக்கிறவர்களுக்கு எங்கோ செத்தவன் சட்டை. அவர்கள் ஊரில் செத்த உங்களுக்கு அவர்களிடம் இருந்த ஒரே புதுத்துணி. நீங்கள் எழுதியதெல்லாம் கல்லூரி அலமாரியில் இருக்கிறதாம். அதைப் படித்து யார் எந்த விலையை மாற்றினார்கள்? வந்த சாரைக் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கோடி போடுவது யார் மாமா? சொந்தம்தானே போடும்? அப்படியென்றால் அந்த அம்மாள் எனக்கு உறவு. அவள் மகள் கல்யாணத் துணி உங்களோடு மண்ணுக்குள் போய்விட்டது.

படிப்பு முடிந்து யோசேபு கோடையில் ஊருக்குப் போகிறார். புடவை வேண்டாம், அவர்கள் சுற்றிக்கொள்கிற அளவிலேயே அந்த மகளுக்கு ஒரு ஜோடி நெய்துகொண்டிருக்கிறேன். அக்குளிலிருந்து முழங்கால் வரை என்று கையை வைத்துக் காட்டினார். கறுப்பும் சிவப்பும். நடுவில் போடுவதை அவர்கள் முந்திரி என்று நினைத்துக்கொள்ளட்டும். நாலு பக்கமும் கரை வைத்து நான் நெய்ததே இல்லை. இரண்டு தரம் பிரித்துவிட்டேன். மறுபடி போடுவேன். அவர் போகும்போது கையில் கொடுத்து அனுப்புவேன், மாமா. காலம் கடந்துதான் போகிறது. ஆனாலும் போகும்.

உங்கள் அக்கா மகளும்
உங்களுக்கு வாக்கப்பட்டவளுமான
செண்பகம்