கால் திருகு இறுக்கிய கோப்பி

என் அருமைத் தம்பி,

நேற்று உன் முதல் ஆண்டுத் திவசம். இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்களை நான் நம்பியதில்லை. ஆனாலும் நேற்று நடந்ததை உன்னிடம்தான் சொல்லத் தோன்றுகிறது. பிறரும் படித்தால் படித்துவிட்டுப் போகட்டும்.

உன் மனைவி பரமேசு இப்போது பாச்சாங்கில் என் வீட்டில் இருக்கிறாள். தோட்டத்து வீட்டை, உன் இடத்தில் கணக்கு எழுத வந்த புதுக் கிராணிக்குக் கொடுத்துவிட்டார்கள். அவள் மடியில் வைத்துக் கொண்டுவந்த சாமான் எது தெரியுமா? தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பும்போது உனக்குக் கொடுத்த அந்த இத்தாலியக் கோப்பிப் பாத்திரம். கீழே தண்ணீர், நடுவில் தூள், ஆவியின் வேகத்தில் மேலே ஏறிவரும் இரண்டு வாய் கறுப்புக் கோப்பி. கஷாயம் என்று நான் கேலி செய்தது அதைத்தான்.

அடுப்பில் வைப்பதைவிட அரைப்பதுதான் உனக்குப் பெரிய வேலை. கை மெஷினின் திருகை அரைச் சுற்று, கால் சுற்று என்று மாற்றி, குடித்துப் பார்த்து, மறுபடியும் மாற்றுவாய். வறுவல் கொஞ்சம் மாறினாலும் முதலிலிருந்து தொடங்குவாய். சீனியும் மார்ஜரினும் போடாமல் கொட்டையை வறுத்துத் தரச் சொன்னபோது சீனக் கடை முதலாளி தவுக்கே சொன்னாரே, "கிராணி, குலா போடாத கோப்பி பேய்கூட குடிக்காது லா" என்று.

ஒருமுறை நீ என் வீட்டிலிருந்து தோட்டத்துக்குத் திரும்பும்போது நான் தூள் அரைத்துத் தந்தேன். மாவுபோல் இருந்தால் நல்லது என்று நினைத்துத் திருகை நன்றாக இறுக்கிவிட்டேன். சோதனைச் சாவடியில் காவலர் அந்தப் பாத்திரத்தை எடுத்து, வெடிகுண்டோ என்று கையை நீட்டித் தூரப் பிடித்துக்கொண்டாராம். கோப்பி போடுகிற சாமான் என்று நீ சொன்னது எடுபடவில்லை. போட்டுக் காட்டச் சொன்னார்கள். என் தூளுக்குள் தண்ணீர் ஏற வழியில்லை. பக்கத்துத் துவாரத்தால் ஆவி சீறிப் பாய, மூன்று காவலர்களும் தரையில் குப்புற விழுந்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் வந்து வாசலில் நின்றே சொன்னாய்: "அக்கா, நீங்கள் அரைச்ச தூள் என்னைத் தூக்கிலை போட்டிருக்கும்."

நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காட்டுக்குள் கம்யூனிஸ்ட்டுகளைத் தேடுகிற அவசரகாலம்; பையில் நாலு தோட்டா இருந்தாலே தூக்கு என்கிற காலம் இது.

அன்றிலிருந்து பயந்து, திருகைத் தளர்த்தியே அரைத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கூட்டிவந்த கடைசி வாரத்தில் ஒரே ஒரு கோப்பி கேட்டாய். அதையும் அப்படியே அரைத்தேன். பாத்திரம் கழுவிய தண்ணீர்போல் வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாயிருக்கு அக்கா" என்றாய். எந்தக் கோப்பியிலும் ஒரு குறை கண்டுபிடிக்கிற நீ! எனக்காகச் சொன்னாயா? அல்லது ருசியே உனக்குத் தெரியாமல் போயிருந்ததா?

படையலில் உன் கோப்பியும் வேண்டும் என்றாள் பரமேசு. இறந்தவர்கள் வந்து குடிப்பார்கள் என்று நான் நம்புவதில்லை. அது உனக்கும் தெரியும். ஆனாலும் உனக்குச் சரியான கோப்பி ஒன்று தரவேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. கல்லூரிப் பரிசோதனைக் கூடத்தில் செய்வதுபோல ஒரு வாரம் அரைத்து, குடித்துப் பார்த்து, திருகு நிற்கவேண்டிய இடத்தைப் பென்சிலால் குறித்தேன்.

நேற்றுக் காலை பிரித்த பொட்டலம் இளம் வறுவல். பென்சில் குறி உதவவில்லை. கோப்பி விறுவிறுவென்று ஏறி, வெளிறிப்போய் நின்றது. எவ்வளவு இறுக்குவது? குடித்துப் பார்க்காமல் எப்படித் தெரியும்? படையல் முடியும்வரை வீட்டில் யாரும் வாயில் எதுவும் வைக்கக்கூடாது. அந்த வழக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் பரமேசு தலை முழுகி, விரதமாகப் பக்கத்தில் நிற்கிறாள். அவள் முன்னால் கரண்டியை எடுக்க எனக்குக் கை வரவில்லை. இருப்பதையே வைத்துவிடலாம், நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கரண்டியை எடுத்து, ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்தாள்.

"இதை வைச்சால் அவர் ஒண்டும் சொல்லமாட்டார், மச்சாள். அதுக்காக இதையே வைக்கிறதோ? கால் திருகு இறுக்குங்கோ."

விரதம் என்னாவது என்று கேட்டேன்.

"நான் பசி தாங்கமாட்டன் எண்டு அவருக்குத் தெரியும்."

கால் திருகு இறுக்கினேன். இந்த முறை கோப்பி மெதுவாக, தேன்போல் ஏறியது. அதையும் அவளே குடித்துப் பார்த்துத் தலையசைத்தாள். படைத்தோம். தவுக்கே சொன்ன பேய் குடித்ததோ இல்லையோ, ஆறிய பிறகு நாங்கள் இருவரும் அதைப் பங்கிட்டுக் குடித்தோம். கஷாயம் இல்லை, தம்பி. நன்றாகத்தான் இருந்தது. நீ இருக்கும்போது ஒருமுறையாவது சொல்லியிருக்கலாம்.

பென்சில் குறியை அழித்துவிட்டேன். அடுத்த திவசத்துக்கும் நான்தான் அரைப்பேன். அன்றைக்குப் பரமேசு விரதத்தை முறிக்க வேண்டாம். அவளுக்கு முந்தி கரண்டியை நான் எடுப்பேன். நன்றாக இல்லையென்றால் நன்றாக இல்லை என்றே சொல்வேன்.

திருகை இறுக்கப் பயந்திருந்த
உன் அக்கா